டைம்டேபிள் புராணம்: அட்டையிலிருந்து ஆப் வரை

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசமாச்சு. அதுக்கும் சேர்த்து இன்னைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

மேட்டர் என்னன்னா, என் சித்தி பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. அவ காலேஜ்ல எந்தப் பாடம், எந்த வாத்தியார், எந்த நேரம்னு எல்லாத்தையும் மாணவர்களே தேர்ந்தெடுக்கணும். போன செமஸ்டர் ஆரம்பத்துல ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன்.

"அண்ணா, நீ சாஃப்ட்வேர்லதானே இருக்க? இந்த டைம்டேபிள் போடுறதுக்கு ஒரு ஆப் பண்ணிக் குடேன். எதைத் தொட்டாலும் எதோடயாவது முட்டுது. அழுகையா வருது."

எனக்கு இதெல்லாம் புதுசு. இங்க ஒரு சின்ன கொசுவத்தி. நான் படிச்ச காலேஜ்ல டைம்டேபிள்னா ஹெச்ஓடி ரூம் வாசல்ல ஒட்டியிருக்கிற ஒரு பேப்பர், அவ்வளவுதான். மொத்த கிளாஸுக்கும் அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல பி.டி.ன்னு போட்டிருக்கும், கணக்கு சார் வந்து நிப்பார். நமக்குத் தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது. அதனால கஷ்டமும் கிடையாது, சுதந்திரமும் கிடையாது.

தங்கச்சி கேட்டுட்டாளேன்னு ஒரு சனி, ஞாயிறு உக்காந்து ஒரு வெப் ஆப் தட்டினேன். ரொம்பப் பெருமையா லிங்க் அனுப்பினேன். ஒரு தடவை திறந்து பார்த்தா. அப்புறம் பழையபடி பென்சிலையும் ரூல்டு பேப்பரையும் எடுத்துக்கிட்டா.

அவ்வ்வ்வ்வ்.

எங்க சொதப்பினேன்னு தெரிஞ்சுக்க, எனக்கு முன்னாடி இந்த வேலையைச் செஞ்சவங்க கதையெல்லாம் தேடிப் படிச்சேன். படிச்சா அது ஒரு அறுபது வருஷத்துப் புராணம்! தனியா வச்சுக்க மனசு வரல. அதான் இந்தப் பதிவு.

1. அட்டை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல ரொம்ப நாளாவே மாணவர்கள்தான் பாடத்தைத் தேர்ந்தெடுக்கணும். கம்ப்யூட்டர் திரை வர்றதுக்கு முன்னாடி இதை எப்படிப் பண்ணாங்க? ஒரு பெரிய ஜிம்னேஷியம் ஹால். துறைக்கு ஒரு மேசை. மேசை மேல அட்டைக் கட்டுகள், நம்ம தாத்தா காலத்து பஞ்ச் கார்டு. ஒரு வகுப்புல 40 இடம்னா அந்த வகுப்புக்கு 40 அட்டை. வரிசையில நின்னு ஒரு அட்டையை எடுத்துட்டா இடம் உங்களுது. அட்டை தீர்ந்துட்டா வகுப்பு ஃபுல்.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரே சீட்டை ரெண்டு பேருக்குக் கொடுத்துடக் கூடாதுன்னு இன்னைக்கு நாம டேட்டாபேஸ்ல லாக் போட்டு, டிரான்சாக்‌ஷன் எழுதி, அப்பவும் எங்கயாவது கோட்டை விடுறோம். அங்க ஒரு அட்டை ஒரு கையிலதான் இருக்க முடியும். முடிஞ்சது கதை.

ஆனா இந்த முறையில ஒண்ணைக் கவனிங்க. அட்டை நிர்வாகத்துக்கு ரொம்ப வசதி. சேகரிச்ச அட்டைகளை மெஷின்ல போட்டா வகுப்புப் பட்டியல் தானா அச்சாகி வந்துடும். மாணவனுக்கு? மூணாவது மேசைக்கு வந்து சேரும்போதுதான் முதல் மேசையில எடுத்த அட்டையோட நேரம் முட்டுதுன்னு தெரியும். திரும்ப முதல் மேசைக்கு ஓடணும். அதுக்குள்ள அங்க அட்டை தீர்ந்திருக்கும்.

1964ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல மாணவர் போராட்டம் வெடிச்சது. வளாகத்துக்குள்ள அரசியல் வேலை செய்ய நிர்வாகம் போட்ட தடைதான் காரணம். பேச்சுரிமை இயக்கம்னு சரித்திரத்துல இடம் பிடிச்ச போராட்டம் அது. அதுல மாணவர்கள் கையில எடுத்த அடையாளங்கள்ல ஒண்ணு, பாடப் பதிவுக்குப் பயன்பட்ட இதே பஞ்ச் கார்டு! ஓட்டை ஓட்டையாப் போட்டு, அதுலயே ஸ்ட்ரைக்னு எழுத்து தெரியற மாதிரி அட்டை செஞ்சாங்க. மடக்காதே, குத்தாதே, கிழிக்காதேன்னு அந்தக் கால அட்டைகள்ல ஒரு எச்சரிக்கை அச்சடிச்சிருக்கும். அட்டைக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை எங்களுக்கும் கொடுங்கன்னு கேட்டாங்க. ஒரு டேட்டா என்ட்ரி அட்டை போராட்டச் சின்னமா மாறினதை நினைச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கு. நாம டிசைன் பண்ற ஃபார்மை வச்சு எவனும் ஊர்வலம் போகாம இருந்தா சரி :-)

2. கணக்கு

அட்டை அடுக்குறது ஒரு பக்கம். எந்த வகுப்பை எந்த நேரத்துல, எந்த அறையில வைக்கிறதுங்கிறது அதைவிடப் பெரிய தலைவலி. கம்ப்யூட்டர் வந்த உடனேயே இந்தத் தலைவலியை அது தலையில கட்டப் பார்த்தாங்க. 1961லயே ஆப்பிள்பி, பிளேக், நியூமன்னு மூணு பேர் பள்ளி டைம்டேபிளைக் கம்ப்யூட்டரில் போடுற வழிமுறைகளை ஆய்வுக் கட்டுரையா எழுதினாங்க. டொரான்டோ பல்கலைக்கழகத்தோட கால்வின் காட்லீப், 1962ல மியூனிக்ல நடந்த மாநாட்டுல வகுப்பு, ஆசிரியர், நேரம் மூணையும் எப்படிப் பொருத்துறதுன்னு ஒரு முறையைச் சொன்னார்.

1967ல வெல்ஷ், பவல் ரெண்டு பேரும் இதை நிறம் தீட்டுற கணக்கா மாத்திக் காட்டினாங்க. ஒவ்வொரு வகுப்பும் ஒரு புள்ளி. முட்டிக்கிற ரெண்டு வகுப்புக்கு நடுவுல ஒரு கோடு. கோட்டோட ரெண்டு முனையிலயும் ஒரே நிறம் வரக் கூடாது. ஒரு நிறம்னா ஒரு நேரம். கிராஃப் கலரிங்னு நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்த சமாச்சாரம்தான். எங்க வாத்தியார் மட்டும் "டேய், இது டைம்டேபிள் போடத்தான்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்காம கேட்டிருப்பேன்.

1976ல ஈவன், இட்டாய், ஷமிர் மூணு பேர் சேர்ந்து நம்ம ஆசையில மண்ணை அள்ளிப் போட்டாங்க. (ஆர்எஸ்ஏ என்கிரிப்ஷன்ல வர்ற எஸ் இந்த ஷமிர்தான்.) டைம்டேபிள் போடுறதை ரொம்ப எளிமையாக்கி ஒரு கணக்காச் சொன்னாலும், அது என்பி-கம்ப்ளீட் வகையைச் சேர்ந்ததுன்னு நிரூபிச்சாங்க. அதாவது கணக்கு பெருசாகப் பெருசாக, எப்பவும் சீக்கிரமா விடை கொடுக்கிற வழிமுறை யார் கிட்டயும் இல்லை. இன்னைக்கும் இல்லை.

ஹெச்ஓடி ரூம் வாசல்ல அந்தப் பேப்பரை ஒட்டின புண்ணியவானைத் திட்டினதுக்கெல்லாம் இப்ப மானசீகமா மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

அந்தக் காலத்து முயற்சிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது, 1960கள்ல எம்ஐடியைச் சேர்ந்த ராபர்ட் ஹோல்ஸ் உருவாக்கின காஸ்ப்ங்கிற புரோகிராம். அதோட முழுப் பெயர்லயே சிமுலேஷன்னு ஒரு வார்த்தை உண்டு. பள்ளிக்கூடத்துக்காரங்க ஒரு திட்டத்தைக் கொடுப்பாங்க. இப்படிப் போனா எத்தனை பேருக்கு எங்கெங்க முட்டுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அதைப் பார்த்து மனுஷன் திருத்துவான். திருப்பி ஓட்டுவாங்க. முடிவு மனுஷன் கையில, எண்ணுற வேலை மெஷின் கையில. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

3. புரோகிராம் எழுதினவன் எந்த கிளாஸ்ல உக்காந்தான்?

அடுத்த கதையைக் கொஞ்சம் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. சியாட்டில்ல லேக்சைடுன்னு ஒரு ஆண்கள் பள்ளி. 1971ல செயின்ட் நிக்கோலஸ்ங்கிற பெண்கள் பள்ளியோட அது இணைஞ்சது. டைம்டேபிள் சிக்கலாச்சு. கம்ப்யூட்டர்ல கில்லாடியா இருந்த மாணவர்கள் கிட்டயே அந்த வேலை வந்து சேர்ந்தது. அதுல ஒருத்தர் கென்ட் எவன்ஸ். இன்னொருத்தர் அவரோட உயிர் நண்பர், பேரு பில் கேட்ஸ்.

1972 மே மாசம் மலையேறப் போன இடத்துல விபத்துல சிக்கி கென்ட் இறந்துட்டார். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள டைம்டேபிள் வேணும். நண்பனை இழந்த துக்கத்தோட பில் கேட்ஸ், காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்த பால் ஆலனைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து அந்த வேலையை முடிச்சாங்க. மைக்ரோசாஃப்ட் ஆரம்பிச்சது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு.

இந்தக் கதையில எல்லாரும் சிரிக்கிற இடம் ஒண்ணு உண்டு. தான் உக்காரப் போற வகுப்புகள்ல பெண்கள் அதிகமா இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டதா கேட்ஸே பின்னாளில் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். (அப்படியும் பேசத் தைரியம் வரலையாம். சேம் பிளட்.)

ஜோக்கா சொன்னாலும், விஷயம் ஆழமானது. டைம்டேபிள் புரோகிராம்னா சும்மா கணக்கு, அதுக்கு ஏது ஓரவஞ்சனைன்னு நினைப்போம். ஆனா சரியான விடைகள் நூறு இருக்கும்போது அதுல எதை எடுக்கிறதுன்னு ஒருத்தர் முடிவு பண்ணியாகணும். கோடு எழுதுறவன் தனக்குப் பிடிச்சதை எடுப்பான். பக்கத்துல உக்கார்ந்தவனுக்குத் தெரியவே தெரியாது.

4. சார்ட் பட்டன்

1980கள்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல பாடப் பதிவு டெலிபோனுக்கு மாறிச்சு. பட்டனை அழுத்தி பாட எண்ணைத் தட்டணும். வரிசையில நிக்கிற கால்வலி போச்சு. ஆனா கட்டம் போட்டு வாரத்தைக் கண்ணால பார்க்க முடியாது, காதாலதான் கேக்கணும். அப்புறம் வெப் வந்தது. பல இடங்கள்ல டெலிபோன்ல தட்டின அதே எண்ணை இப்ப வெப் பக்கத்துப் பெட்டியில தட்டச் சொன்னாங்க, அவ்வளவுதான். நம்ம பெர்க்லியிலயே டெலி-பேர்ஸ்னு இருந்த சிஸ்டம், வெப்புக்கு வந்த பிறகும் 2010கள் வரைக்கும் பேர்ல அந்த டெலியைச் சுமந்துக்கிட்டு இருந்தது.

இந்த இடத்துலதான் மாணவர்கள் களத்துல இறங்கினாங்க. 2012ல சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மாணவர் டிம் ஆர்னால்டு, ஃபுல்லான வகுப்புல இடம் காலியானா எஸ்எம்எஸ் அனுப்புற ஒரு சேவையை ஆரம்பிச்சார். பல்கலைக்கழகம் அதை முடக்கி, அவர் மேல ஒழுங்கு நடவடிக்கையும் எடுத்தது. ஆனா இந்தப் புராணத்தோட உச்சக்கட்டம் யேல்தான்.

யேல்ல மாணவர்கள் செமஸ்டர் முடிவுல ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீடு எழுதுவாங்க. மார்க் மாதிரி ஒரு எண், கூடவே வார்த்தையில கருத்து. பல்கலைக்கழகத் தளத்துலயே மாணவர்கள் அதைப் படிக்கலாம். ஆனா ஒவ்வொரு பாடமா திறந்து திறந்து படிக்கணும். பாடம் தேட ஒரு இடம், மதிப்பீடு பார்க்க ஒரு இடம், நேரம் முட்டுதான்னு பார்க்க ஒரு இடம்.

பீட்டர் சூ, ஹாரி யூன்னு ரெண்டு சகோதரர்கள் அங்க படிச்சாங்க. பாடம், நேரம், மதிப்பீடு மூணையும் ஒரே பக்கத்துல கொண்டு வந்து ஒரு தளம் செஞ்சாங்க. மதிப்பீடோட சராசரியை ஒரு பத்தியாப் போட்டு, அதை வச்சு வரிசைப்படுத்துற வசதியும் கொடுத்தாங்க. புதுத் தகவல் ஒண்ணுகூட இல்லை. இருக்கிறதை அடுக்கிக் காட்டினது மட்டும்தான் இவங்க வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க.

2014 ஜனவரி. செமஸ்டர் தொடங்குற நேரம், எல்லாரும் டைம்டேபிள் போட்டுக்கிட்டிருக்கிற பரபரப்பு. நிர்வாகம் ஆட்சேபிச்சது. யேல் பேரை எப்படி வச்சீங்க, தகவலை எப்படி எடுத்தீங்க, மதிப்பீட்டு எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னு கேள்விகள். பேரை கோர்ஸ்டேபிள்னு மாத்திப் பார்த்தாங்க, சமாதானமாகலை. வளாக நெட்வொர்க்ல தளத்தையே தடை பண்ணிட்டாங்க. திறக்கப் போன பசங்களுக்கு, தீங்கான தளம்ங்கிற மாதிரி ஒரு அறிவிப்பு வந்தது. பாவம், வைரஸ் பட்டியல்ல ஒரு டைம்டேபிள்!

கல்லூரி முதல்வர் மேரி மில்லர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி நிர்வாகத்தோட நிலையை விளக்கினார். மதிப்பீடுகளை மாணவர்களுக்குக் கொடுக்க ஆசிரியர்கள் சம்மதிச்சது ஒரு குறிப்பிட்ட வடிவத்துலதான், வெறும் எண்ணை மட்டும் தூக்கி முன்னாடி வைக்கிறது அந்த நோக்கத்துக்கு விரோதம்ங்கிறது அவர் வாதத்தோட சாரம்.

ரெண்டே நாள்ல ஷான் ஹாஃப்லர்ங்கிற இன்னொரு மாணவர் ஒரு குரோம் எக்ஸ்டென்ஷனை வெளியிட்டார். பேரே பேன்டு புளூபுக்! மாணவர் யேலோட சொந்தத் தளத்தைத்தான் திறப்பார். அந்தப் பக்கம் அவர் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு, அங்கயே இந்த எக்ஸ்டென்ஷன் சராசரியைச் சேர்த்துக் காட்டும். தகவல் வெளியே எங்கயும் போகலை, பேரையும் திருடலை. இதைத் தடுக்கணும்னா மாணவனோட சொந்த கம்ப்யூட்டர்ல என்ன ஓடலாம்னு பல்கலைக்கழகம் முடிவு பண்ணணும். செக்மேட்.

மறுநாளே மில்லர் இன்னொரு கடிதம் எழுதினார். இன்னும் நிதானமா கையாண்டிருக்கலாம்னு ஒத்துக்கிட்டு, கொள்கையை மறுபரிசீலனை செய்யறதா சொன்னார். அந்தக் கோர்ஸ்டேபிள் செத்துப் போகலை. யேல் கம்ப்யூட்டர் சொசைட்டின்னு ஒரு மாணவர் அமைப்பு அதைப் பராமரிச்சு நடத்துது.

முதல் தடவை படிச்சப்ப "சபாஷ்டா தம்பிகளா"ன்னு விசில் அடிச்சேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் யோசனை வந்தது. அந்த முதல்வர் பயந்ததுல நியாயமே இல்லையா? எட்டுப் பேர் படிச்ச வகுப்போட சராசரியையும் 200 பேர் படிச்ச வகுப்போட சராசரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, ரெண்டும் ஒரே மாதிரி எண்ணாத்தான் தெரியும். கஷ்டமான பாடம் எடுக்கிறவர் கீழ போயிடுவார். இதுல இன்னொண்ணும் இருக்கு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துல ஆன்லைன் வகுப்பை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, முடிவு 2015 வாக்குல வெளிவந்தது. பாடம் எடுத்தவர் அதே ஆள்தான், ஆனா பெண்ணுன்னு நினைச்ச மாணவர்கள் கொடுத்த மதிப்பெண் குறைவு. மிகச் சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒரு சராசரி எண்ணை அப்படியே நம்பி வரிசைப்படுத்துறதுக்கு முன்னாடி நம்ம கை கொஞ்சம் தயங்கணும்.

தடை போட்டது தப்புதான், அதுல மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் ஒரு விஷயத்துல ஒத்துப் போறாங்க பாருங்க. எல்லாத் தகவலும் ஏற்கனவே வெளியில இருந்தது. இவ்வளவு ரகளையும் எது மேல வரணும்ங்கிற ஒரே கேள்விக்காக. வரிசை மாறினா நாலாயிரம், ஐயாயிரம் பேர் எந்த வகுப்புல போய் உக்காருவாங்கங்கிறதே மாறும்.

5. என் கதைக்கு வருவோம்

தங்கச்சிக்கு நான் பண்ணின ஆப் இதுதான். ஆறு பாடம், ஒவ்வொண்ணுக்கும் சராசரியா நாலு பிரிவு. 4 x 4 x 4 x 4 x 4 x 4 = 4,096 சேர்க்கை. காலேஜுக்குத்தான் இது என்பி-கம்ப்ளீட் பூதம், ஒரு மாணவிக்கு இது கண் சிமிட்டுற நேரத்து வேலை. வாரத்தோட ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு பிட் ஆக்கி, ரெண்டு வகுப்பையும் ஆண்ட் போட்டா பூஜ்யம் வரணும். வரலைன்னா முட்டுது. முட்டாத டைம்டேபிள்களை மட்டும் வடிகட்டி, மதிப்பெண் போட்டு, "மிகச் சிறந்தது"ன்னு முதல் பத்தைப் பட்டியல் போட்டேன். கலர் கலரா, மொபைல்லயும் அழகா வரும். யூசர் ஃப்ரெண்ட்லின்னு நானே எனக்கு சர்டிஃபிகேட் கொடுத்துக்கிட்டேன்.

ஏன் விட்டுட்டேன்னு போன வாரம் நேர்ல போய் கேட்டேன். அந்தப் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினா. அழிச்சு அழிச்சு ரெண்டு இடத்துல கிழிஞ்சே போயிருக்கு. நடுவுல குறுக்கால சிவப்பு ஸ்கெட்ச்ல ஒரு கோடு.

"இது என்ன கோடு?"

"அஞ்சு பத்து பஸ்ண்ணா. அதை விட்டா நேரா ஊருக்கு பஸ் கிடையாது. ரெண்டு பஸ் மாறி வரணும், எட்டு மணி ஆயிடும். அப்பா ஹாஸ்டல்ல சேருன்னுதான் சொல்றார். அந்தக் காசுக்கு எங்க போவார்?"

என் முதல் பத்து டைம்டேபிள்ல ஒன்பது, சாயங்காலம் ஆறரை வரைக்கும் போகும். ஏன்னா நான் மதிப்பெண் போட்ட விதம் அப்படி. காலை எட்டு மணி வகுப்பு இருந்தா மைனஸ் அஞ்சு. யாருக்குக் காலையில தூக்கம் பிடிக்கும்? எனக்கு! லேக்சைடு பையன் பொண்ணுங்களுக்காகப் பண்ணினான், நான் என் தூக்கத்துக்காகப் பண்ணியிருக்கேன். அவளுக்கு எட்டு மணி வகுப்பு ஒரு பிரச்சனையே இல்லை, விடிகாலை பஸ்ல வந்துடுவா. "சிறந்தது"ன்னு நான் பெரிய எழுத்துல போட்டது ஒவ்வொண்ணும் அவளை ஹாஸ்டல்ல தள்ளுற டைம்டேபிள்.

"ஏன் முதல்லயே பஸ்ஸைப் பத்தி சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையேண்ணா."

இன்னொண்ணும் சொன்னா. "உன் ஆப் விடையை மட்டும் சொல்லுதுண்ணா. நான் ஆசைப்படற லேப் ஏன் கிடைக்காதுன்னு சொல்ல மாட்டேங்குது. பேப்பர்னா நானே மாத்தி மாத்திப் பார்ப்பேன், எது உடையுதுன்னு தெரியும்." அறுபது வருஷம் முன்னாடி காஸ்ப் செஞ்சது இதைத்தான். மனுஷன் மாத்தணும், மெஷின் எது உடையுதுன்னு சொல்லணும். அதை விட்டுட்டு நான் மெஷினை விட்டு முடிவைச் சொல்ல வச்சேன்.

இப்ப மறுபடி எழுதிக்கிட்டிருக்கேன். இந்தத் தடவை திறந்ததும் வர்றது காலிக் கட்டம். முதல் வேலை, "இந்த நேரத்துக்கு அப்புறம் என்னால இருக்க முடியாது"ன்னு கோடு போடுறது. காரணம் கேக்க மாட்டேன், அது அவங்க சொந்த விஷயம். பாடத்தை இழுத்துப் போட்டா எதோட முட்டுது, அதை நகர்த்தினா வேற எது நகரும்னு காட்டும். சிறந்ததுங்கிற வார்த்தையைத் தூக்கியாச்சு. வரிசைப்படுத்துற பட்டன் உண்டு, ஆனா எதை வச்சு அடுக்கியிருக்குன்னு அதுலயே எழுதியிருக்கும்.

கடைசியா ஒண்ணு, அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகம் பயன்படுத்துற யூனிடைம்ங்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கிட்ட இருந்து திருடினது. அதுக்கு அடித்தளம் போட்ட டோமாஷ் முல்லர், ப்ராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகத்துல 2005ல இதுலதான் முனைவர் பட்டம் வாங்கினார். டைம்டேபிளை அறிவிச்ச பிறகு ஒரு மாற்றம் வந்தா, புதுசா முதல்லயிருந்து போடாம, இருக்கிறதுல ரொம்பக் கம்மியா கலைச்சு எப்படிச் சரி பண்றதுங்கிறது அவரும் கூட்டாளிகளும் ஆராய்ச்சி பண்ணின கேள்விகள்ல ஒண்ணு. கணக்குப்படி புதுசா போடுறது இன்னும் அழகான விடையைக் கூடக் கொடுக்கலாம். ஆனா அதுக்குள்ள எவ்வளவோ பேர் அந்தப் பழைய டைம்டேபிளை நம்பி ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. ஒருத்தர் பார்ட் டைம் வேலை, ஒருத்தர் பஸ் பாஸ்.

அடுத்த பதிவு தேதிக்குள்ள முடிச்சுடணும், இன்னும் நாலு வாரம் இருக்கு. தங்கச்சி சோதிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கா. நேத்து வரைக்கும் பதினோரு குறை சொல்லியிருக்கா, ஏழு சரி பண்ணிட்டேன். ஆனாலும் கடைசியில முடிவானதை ரூல்டு பேப்பர்ல எழுதி பீரோ கதவுல ஒட்டுவேன்னு சொல்றா. ஒட்டட்டும். அதுக்கும் ஒரு பிரிண்ட் பட்டன் வச்சிருக்கேன் :-)

டிஸ்கி: காலேஜ்ல நீங்களே டைம்டேபிள் போட்டவங்க இருந்தா, அட்டையோ பேப்பரோ எக்செல்லோ, எப்படிப் போட்டீங்க, எதுக்காக எதை விட்டுக் கொடுத்தீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அஞ்சு பத்து பஸ் மாதிரி நான் கேக்க மறந்த கேள்வி இன்னும் எத்தனை இருக்குமோ.